பயணத்தில் பிறந்த வெண்கல ஆடற்பெண்: சான்றிதழை நம்பி வாங்கலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 6

ஒன்றரை அடி உயரமுள்ள வெண்கல ஆடற்பெண் சிலை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. சிற்பி கீழை நாடுகளில் சுற்றித் திரிந்த பயணத்தின் நினைவாகச் செய்தது என்று சான்றிதழ் சொல்கிறது. 500 பிரதிகளில் 212ஆவது. கையொப்பம் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துச் செய்த சிலை என்பதால் மற்ற ஆடற்சிலைகளைவிட இது உயர்வு, சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள் என்கிறார் விற்பவர். உண்மையா?

ஜனவரி 6, இரவு

உண்மை இல்லை. பயணம் செய்தது சிற்பிக்கு நல்ல பொழுதாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அது சிலைக்குத் தகுதி ஆகாது.

சான்றிதழை மடித்து ஓரமாக வையுங்கள். விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். உடலின் எடையைத் தாங்கும் பாதம் ஒன்று. கைவிரல்கள் ஒன்று. பீடத்தைக் கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கம் ஒன்று. முகம் வேண்டாம். முகம் எல்லாச் சிலையிலும் அழகாகத்தான் இருக்கும்; அதைக் காட்டித்தானே விலை சொல்கிறார்கள்.

ஜனவரி 7, காலை

பாதம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆடுகிற உடலின் எடை எங்காவது ஓரிடத்தில் இறங்கியே ஆக வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவளின் இடுப்பு அந்தக் காலுக்கு மேலே வந்திருக்க வேண்டும். தாங்கும் பக்கத்து இடுப்பு சற்று ஏறும். தோள் எதிர்த் திசையில் சாய்ந்து ஈடுகட்டும். கட்டைவிரல் தரையை அழுத்தும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் இறுகும். இதையெல்லாம் நின்று பார்த்தவன்தான் செய்ய முடியும்.

விழ வேண்டிய உடலை நிற்பதுபோல் காட்டும் பொய்யைக் கல்லில் சொல்வது கடினம். மெல்லிய கணுக்காலில் முழு உடலையும் நிறுத்தினால் கல் ஒடிந்துவிடும், அதனால்தான் கல்சிற்பிகள் காலருகே ஒரு மரத்தண்டையோ தொங்கும் துணியையோ முட்டுக் கொடுத்து வைத்தார்கள். வெண்கலம் இழுப்பைத் தாங்கும் உலோகம். பாதத்துக்குள் ஒரு கம்பியைச் செருகி, பீடத்துக்கு அடியில் மரை போட்டு முடுக்கிவிட்டால் எந்த நிலையிலும் நிற்கும். உயிருள்ள பெண் என்றால் பொத்தென்று விழ வேண்டிய கோணத்தில் வெண்கலப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். கடைகளில் உள்ள ஆடற்சிலைகளில் பாதிக்குமேல் இந்த ரகம்தான் என்பது என் எண்ணம்.

என் அலமாரியில் ஒருத்தி இருக்கிறாள். சிற்பியின் பெயர் இல்லை, வார்ப்பகத்தின் முத்திரை இல்லை, முகம்கூடச் சுமார்தான். ஆனால் தாங்கும் காலின் சுண்டுவிரல் மட்டும் மயிரிழை அளவுக்குத் தரையைவிட்டு எழும்பியிருக்கிறது. எடை பாதத்தின் உட்பக்கமாகச் சாயும்போது அப்படித்தான் ஆகும். காகிதத்தை அடியில் செருகினால் சுண்டுவிரலுக்குக் கீழே போகும், மற்ற நான்கு விரல்களிடம் நின்றுவிடும். இதைச் செய்தவன் எந்த நாட்டுக்குப் போனான் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆடுபவளின் காலடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

ஜனவரி 7, மாலை

500 என்ற எண்ணைப் பற்றி.

பிரான்சில் மூல வார்ப்பு என்று சொல்லிக்கொள்ள 12க்கு மேல் கூடாது. 1/8 முதல் 8/8 வரை எட்டு. அவற்றோடு சிற்பியின் பிரதிகள் நான்கு, ரோமன் எண்களில் I/IV முதல் IV/IV வரை. அதற்கு மேல் வார்ப்பது மறுபிரதி. 1981இல் வந்த அரசாணைப்படி அதன் மேல் மறுபிரதி என்ற சொல்லையே அழியாதபடி பொறித்தாக வேண்டும். எல்லா நாட்டிலும் இந்தக் கணக்கு கிடையாது. உங்கள் சிலை எங்கே வார்த்தது என்று முதலில் கேளுங்கள். எப்படிப் பார்த்தாலும் 500 என்பது அரிய பொருள் அல்ல.

இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: எண் சிறியதாக இருந்தால் வார்ப்பு கூர்மையாக இருக்கும் என்று. செப்புத்தகட்டில் அச்சடிக்கும் ஓவியங்களுக்கு அது பொருந்தும், தகடு தேயும். மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு பிரதிக்கும் ரப்பர் அச்சிலிருந்து புதிதாக மெழுகு எடுக்கிறார்கள். ரப்பர் தளர்ந்தால் புது ரப்பர். மெழுகைத் திருத்தியவரின் கை அன்று எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தே கூர்மை. 3ஆம் எண் சொதப்பலாகவும் 300 அருமையாகவும் இருக்கலாம்.

அதே ஆடற்பெண் வேறு உயரத்திலும் விற்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடியில் 500, முக்கால் அடியில் இன்னொரு 500 என்று போடும் பழக்கம் உண்டு.

ஜனவரி 8

"பயணம் செய்யாத சிற்பி அயல்நாட்டு நடனத்தை எப்படிச் செய்ய முடியும்?" என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார். கோபத்துக்கு நன்றி, சொல்ல நிறைய இருக்கிறது.

1906இல் கம்போடிய மன்னர் சிசோவத் தம் அரண்மனை ஆடற்பெண்களோடு பிரான்சுக்கு வந்தார். ஜூலையில் பாரிஸில் அவர்களைப் பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரொதான் தாங்க முடியாமல் மார்செய் துறைமுகம் வரை பின்னாலேயே போனார். கம்போடியாவுக்கு அல்ல, மார்செய்க்கு. சில நாட்களுக்குள் 150 அளவில் கோட்டோவியங்கள். அவற்றில் கைகளைப் பாருங்கள்: பின்னோக்கி வில்லாக வளைந்த விரல்களை ஒரே கோட்டில் பிடித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 65. பயணம் செய்தது ஆடற்பெண்கள். சிற்பி ரயில் டிக்கெட் எடுத்ததோடு சரி.

அதே ரொதான் நடராஜரைப் பற்றி எழுதியிருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு 1913இல் எழுதியது. அவர் இறந்த பின் 1921இல் அச்சேறியது. சிலையை நேரில் பார்க்கவே இல்லை. காலையும் தொடையையும் வயிற்றையும் படத்திலேயே தடவிப் பார்ப்பதுபோல் எழுதுகிறார். போகாதவரின் பார்வை இப்படி இருக்கிறது.

இப்போது போனவர். பிரெஞ்சு ஓவியரும் சிற்பியுமான ழெரோம் எகிப்துக்கு 1856 தொடங்கிப் பல முறை போய்வந்தவர், அங்கே பார்த்த நடனங்களை ஓவியமாகத் தீட்டியவர். அவருடைய ஆடற்சிற்பங்களில் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது வளையத்தை ஏந்தி ஆடும் பெண். எகிப்தின் சாயல் துளியும் கிடையாது. கிரேக்க நாட்டுத் தனக்ராவில் 1870களில் தோண்டி எடுத்த சிறு சுடுமண் பொம்மைகள் பாரிஸைப் பித்துப்பிடிக்க வைத்திருந்த காலம் அது. அந்த பொம்மைகளிலிருந்து வந்தவள் இவள். இத்தனை கடல் தாண்டியவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ஆடற்பெண் ஒரு மண்பொம்மையின் மகள்.

ஜனவரி 8, சற்று நேரம் கழித்து

ஆடற்பெண்களை வரைந்து புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் தெகாவை விட்டுவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு: விடவில்லை, அவருக்குத் தனிக் குறிப்பு வேண்டும். இத்தாலி, நியூ ஆர்லியன்ஸ் எல்லாம் சுற்றியவர்தான். ஆனால் ஆடற்பெண்கள் வந்தது அவர் குடியிருந்த பாரிஸின் ஓபரா ஒத்திகை அறையிலிருந்து. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10

நாளை என்று சொல்லி ஒரு நாள் தள்ளிப்போனது. முதலில் விரல்கள், தெகாவுக்கு அந்த வழியாகவே போகலாம்.

ஒரு வார்ப்பகத்தில் வேலை நடப்பதை அருகே நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ரப்பர் அச்சுக்குள் உருகிய மெழுகை ஊற்றிச் சுழற்றுகிறார்கள், சுவரில் சில மில்லிமீட்டர் ஒட்டியதும் மீதியை வெளியே கொட்டுகிறார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான மெழுகுப்பெண். கை நீட்டி ஆடுபவள் என்றால் அந்தக் கை தனியாக வரும். நான் பார்த்த அன்று ஒரு தொழிலாளி சூடேற்றிய கத்தியின் நுனியால் மணிக்கட்டை முழங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரே சுவரில் மூலச் சிலையின் புகைப்படம் ஒன்று, ஒரே பக்கத்திலிருந்து எடுத்தது. அவர் படத்தைப் பார்ப்பார், ஒட்டுவார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், மெழுகு இறுகுமுன் இன்னும் ஒரு சிறு திருப்பு. அந்தத் திருப்பு படத்தில் இல்லை. மணிக்கட்டு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கணத்தில் அவர்தான் முடிவு செய்தார்.

பிறகு பீங்கான் குழம்பில் தோய்த்து, மணல் தூவிக் காயவைத்து, மறுபடி தோய்த்து ஓடு கட்டுகிறார்கள். சூளையில் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் வெண்கலம். ஓட்டை உடைத்தால் கரடுமுரடான ஓர் உருவம், உடலெங்கும் வார்ப்புக் குழாய்களின் மிச்சம். அரமும் சாணைச் சக்கரமும் அப்போதுதான் வேலையைத் தொடங்குகின்றன.

விரல்களுக்கு நேர்வது இங்கேதான். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே மூலத்தில் ஒரு கீற்று இடைவெளி, மோதிரவிரல் சற்றே உள்வாங்கி. அந்தக் கீற்றுக்குள் பிசிறு நிறைந்துவிட்டது. கருவி நுழைய இடமில்லை. இரண்டு விரலையும் ஒரே சமமாக இழைத்து, நடுவே ஒரு கோடு கீறிவிட்டார். பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. நடனம் தெரிந்தவர் பார்த்தால் வேறு கை என்பார். தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நடனம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் காட்டினார்கள்?

சிற்பி உலகம் சுற்றியிருக்கலாம். கடைசி விரலை முடித்தவர் அந்தக் கொட்டகையைவிட்டு நகரவில்லை. சிற்பி பிரதிகளைப் பார்த்துத் திருத்தச் சொன்னாரா, எத்தனை பிரதி வரை பார்த்தார் என்பதை எந்தச் சான்றிதழிலும் போடமாட்டார்கள். அதைத்தான் போட வேண்டும்.

ஜனவரி 11

தெகா.

பதினான்கு வயது ஆடற்பெண்ணை அவர் செய்தது மெழுகில். 1881இல் காட்சிக்கு வைத்தார். உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உண்மைத் துணியில் பாவாடை, உண்மை முடி, துணிக் காலணி. விமர்சகர்கள் முகத்தைப் பார்த்துக் குரங்கு என்றெல்லாம் எழுதினார்கள். வாழ்நாளில் அவர் காட்சிக்கு வைத்த சிற்பம் அது ஒன்றுதான். 1917இல் அவர் இறந்தபோது அறை நிறைய மெழுகும் களிமண்ணும், பாதி உதிர்ந்து கிடந்தன. அதன் பிறகே வாரிசுகள் எப்ரார் வார்ப்பகத்தில் அவற்றை வெண்கலமாக்கினார்கள். சிறு உருவங்கள் ஒவ்வொன்றிலும் 22: விற்பனைக்கு A முதல் T வரை 20, வாரிசுகளுக்கு ஒன்று, வார்ப்பகத்துக்கு ஒன்று.

ஆக, இன்று தெகாவின் வெண்கல ஆடற்பெண் என்று நாம் பார்ப்பது எதையும் தெகா பார்க்கவில்லை. அவர் கையால் பிசைந்த மெழுகுகள் 1955இல் வெளியே வந்தன. பெரும்பாலானவை இப்போது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில். பதினான்கு வயது ஆடற்பெண்ணின் வெண்கலப் பிரதிகளில் ஒன்றுதான் 2022 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 4.16 கோடி டாலருக்குப் போனது. சிற்பி வார்க்காத, பார்க்காத, ஒப்புதல் தராத பிரதி.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் சிற்பியின் மேற்பார்வை தேவையில்லையே" என்று நாளை யாராவது எழுதுவார்கள். எப்ரார் பட்டறையில் அந்த வேலையைச் செய்த பலத்சோலோ அசாத்தியமான கைக்காரர், மெழுகில் இருந்த விரல்ரேகை வரை உலோகத்துக்குக் கொண்டுவந்தவர். அப்படி ஒருவர் கிடைத்தால் தேவையில்லைதான்.

ஜனவரி 11, இரவு

எழுதிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 14

"மொகஞ்சதாரோ பெண்ணுக்குப் பாதமே இல்லை. உங்கள் பாதப் பரீட்சையில் அவள் தோற்றுவிடுவாளே?"

நல்ல அடி. இரண்டு நாளாக யோசித்தேன்.

1926இல் கிடைத்தவள், 10.5 செ.மீ. உயரம், உள்ளங்கையில் அடங்குவாள். கணுக்காலுக்குக் கீழே உடைந்துவிட்டது. ஆனாலும் எடை எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிட முடிகிறது. இடது கால் மடங்கி முன்னே வந்திருக்கிறது. வளையல்கள் தோள்வரை அடுக்கிய இடது கை அந்தத் தொடைமேல் ஓய்கிறது. வலது கை இடுப்பில். உடல் வலது காலில் நிற்கிறது என்பதற்குப் பாதம் தேவைப்படவில்லை, இடுப்பே சொல்கிறது. எனவே பாதம் என்று நான் எழுதியதை இடுப்பிலிருந்து பாதம் வரை என்று விரித்துக்கொள்ளுங்கள். பாதம் இருந்தால் சீக்கிரம் தெரியும், அவ்வளவே.

இன்னொன்று. அவள் ஆடுகிறாள் என்பதற்கு உடலில் சான்று ஏதும் இல்லை. நிற்கிறாள், சற்று அலட்சியமாக. ஆடற்பெண் என்பது தோண்டியெடுத்தவர்கள் வைத்த பெயர். நம் சான்றிதழ்க்காரர்களுக்கு முன்னோடிகள்.

முழுதும் மூடியவளைப் பார்க்க வேண்டுமா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வெண்கலம் ஒன்று இருக்கிறது. 20.5 செ.மீ. தலை முதல் கால் வரை துணி சுற்றி, முகத்திலும் மெல்லிய திரை, கண்களுக்கு மட்டும் வெட்டு. உடல் எங்கும் தெரியவில்லை. ஆனால் துணியின் ஒவ்வொரு மடிப்பும் உள்ளே எந்த முழங்கை இழுக்கிறது, எந்தத் தொடை தள்ளுகிறது என்று காட்டிக்கொடுக்கிறது. நீட்டிய வலது காலில் நாடா கட்டிய காலணியின் முனை மட்டும் வெளியே. ஆடற்சிலை சேகரிக்கும் எவரும் வேறெதையும் வாங்குமுன் இவளைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும்; நேரில் முடியாவிட்டால் படங்களிலாவது, எல்லாப் பக்கத்திலிருந்தும்.

ஜனவரி 17

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆகவே வெண்கலம் என்று எழுதியவருக்கு.

காந்தம் ஒட்டாதது இரும்பு இல்லை என்பதற்கு மட்டும் சான்று. துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது, வெண்கலத்தூள் கலந்த ரெசின் என்ற செயற்கைப் பிசினிலும் ஒட்டாது. ஆடற்சிலைச் சந்தையில் ஏமாற்றும் பொருள்கள் இந்த இரண்டும்தான். பீடத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசியால் மெல்லக் கீறுங்கள். மஞ்சள்-செம்மையாக மின்னினால் வெண்கலமோ பித்தளையோ. வெள்ளி-சாம்பல் என்றால் துத்தநாகம். பொடியாக உதிர்ந்தால் ரெசின். விரல் மடக்கித் தட்டினால் வெண்கலம் சிறிது நேரம் முழங்கும், துத்தநாகம் மந்தமாக ஒலித்து நிற்கும், ரெசின் தொப்பென்று. பீடத்தில் கல் ஒட்டியிருந்தால் ஒலியை நம்பாதீர்கள்.

எடையைக் கேளுங்கள். வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் எட்டரை மடங்குக்கு மேல், துத்தநாகம் சுமார் ஏழு மடங்கு. ஆனால் உள்ளே கூடாக வார்ப்பதால் எடையை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான அளவை ஒன்று: உயரம். ஆவணத்தில் உள்ள உயரத்தைவிடச் சிலை ஒன்றரை, இரண்டு சதவீதம் குட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெண்கலம் குளிரும்போது சுருங்கும். விற்பனையில் உள்ள ஒரு வெண்கலத்தின் மேல் அச்செடுத்து வார்த்த திருட்டுப் பிரதி அந்தச் சுருக்கத்தால் காட்டிக்கொடுக்கும். விரலிடுக்கும் மழுங்கியிருக்கும்.

ஜனவரி 19

கபூர்தலா ஆடற்பெண் என்று ஒரு சிலையை இங்கே படம் போட்டிருக்கிறார்கள். சிபாருஸ் செய்த புகழ்பெற்ற உருவம். ருமேனியாவில் தொரோஹோய் என்ற ஊரில் பிறந்து 1912இல் பாரிஸுக்கு வந்தவர், ரஷ்ய பாலே பாரிஸைக் கிறங்கடித்துக்கொண்டிருந்த ஆண்டுகள். இறுக்கமான முத்துத் தொப்பி, விரிந்த விரல்கள், பாரிஸ் அரங்கத்து உடை. பஞ்சாபில் உள்ள கபூர்தலாவில் இப்படி ஆடினார்கள் என்று நினைத்து வாங்க வேண்டாம். அந்தச் சமஸ்தானத்து மகாராஜா பாரிஸ் விருந்துகளில் பழகிய முகம். அந்த ஊர்ப்பெயர் அங்கே எல்லாருக்கும் தெரியும். கோலினே என்ற பெல்ஜிய நாட்டுப் பெண் சிற்பியும் அங்காரா ஆடற்பெண், தீப்ஸ் ஆடற்பெண் என்று ஊர் ஊராகச் செய்தார். இவை 1920களின் மேடை அலங்காரம், அந்த அளவில் அபாரம். சிபாருஸின் உடைகளில் உலோகத்தில் விழுந்த துணியின் சலசலப்பைக் கேட்கலாம். எனக்கும் ஆசை உண்டு. ஊர்ப்பெயரைத்தான் நம்பவில்லை.

ஆசைக்கு முட்டுக்கட்டை: இவற்றில் பலவற்றின் முகமும் கைகளும் தந்தம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்தப் பொருளை விற்பதற்குக் கடும் தடை. 1947க்கு முந்தையதாக இருந்து, தந்தம் மொத்தக் கன அளவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பதிவு செய்து விற்கலாம். கலைச்சிறப்புக்கான விலக்கு 1918க்கு முந்தையவற்றுக்கு மட்டும். எனவே 1920களின் சிலைகள் அதில் நுழையாது. நாடு விட்டு நாடு கொண்டுபோவது இன்னும் சிக்கல். தந்தமா, பிசினா என்று அறிய உருப்பெருக்கியில் பாருங்கள்: யானைத்தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். பிசினில் குமிழ்கள்.

ஜனவரி 23

"எல்லாம் சரி, உண்மையாகவே பயணம் செய்து செய்தவர் ஒருவரைச் சொல்லுங்கள்."

மால்வினா ஹாஃப்மன். அமெரிக்கர், ரொதானிடம் பயின்றவர். ரஷ்ய பாலே ஆடற்பெண் பாவ்லோவாவின் ஆட்டத்தை அரங்கில் பார்த்து, பிறகு அவருடைய தோழியாகி, ஆண்டுக்கணக்கில் அவரை வரைந்தும் பிசைந்தும் வந்தவர். 1930இல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் உலக மக்களின் உருவங்களைச் செய்யச் சொன்னது. ஆசியா முழுக்கச் சுற்றினார், இந்தியாவுக்கும் வந்தார். 1933இல் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களுடன் கூடம் திறந்தது, பெரும்பாலும் வெண்கலம். கைத்திறனைப் பற்றி இரண்டாம் பேச்சே இல்லை.

ஆனால் அந்தத் திட்டமே மனிதர்களை இனவகைகளாகப் பிரித்து அடுக்குவதற்கானது. ஆட்களின் பெயருக்குப் பதில் வகையின் பெயர். அந்தக் கொள்கை விழுந்தது, 1960களின் இறுதியில் கூடத்தையும் கலைத்துவிட்டார்கள். 2016இல் அருங்காட்சியகம் சில சிலைகளைத் திரும்ப வைத்தபோது செய்த நல்ல காரியம், அந்த மனிதர்களின் பெயர்களைத் தேடிப் போட்டது.

இதை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தெகாவின் ஆடற்பெண்ணுக்கு மரீ வான் கோத்தம் என்று பெயர் உண்டு, ஓபரா பள்ளி மாணவி. ரொதான் 1911 வாக்கில் செய்த சிறு ஆடல் அசைவுகளுக்கு நின்றவர் அல்டா மொரேனோ, கழைக்கூத்தாடிபோல் உடலை வளைக்கக்கூடியவர். ஹாஃப்மனின் ஆடற்பெண் பாவ்லோவா. நல்ல ஆடற்சிலைகளுக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட ஆடுபவள் இருக்கிறாள். முதல் கேள்வியைக் கேட்டவருக்கு: படங்கள் கேட்டதோடு இதையும் கேளுங்கள். எந்த நடனம், எந்த ஊர், யார் ஆடினார்? போய்ப் பார்த்தவருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஜனவரி 30

படங்கள் வந்துவிட்டன. விற்பவரின் பதிலும்: "கீழை நாட்டு நடனம்." அத்தனை பெரிய திசைக்கு ஒரே நடனம்!

அடிப்பக்கம் பரவாயில்லை. பச்சைக் கம்பளித் துணியை ஓரத்தில் உரித்துக் காட்டியிருக்கிறார், உள்ளே மஞ்சள் உலோகம், வார்ப்பகத்தின் முத்திரை, எண் ஆழமாக வெட்டியது. வெண்கலம்தான்.

பாதம் நன்றாகவே இருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை. பாலே ஆடுபவள் விரல்நுனியில் எழும்பி நிற்கும் நிலை, முழங்கால் பின்னுக்கு இறுகி, இடுப்பு சரியாகக் காலின்மேல். ஒத்திகை பார்த்தவரின் வேலை.

கைகளைப் பார்த்தால் கம்போடிய விரல்கள், பின்னோக்கி வளைந்தவை. அவையும் மோசமில்லை. சிக்கல் என்னவென்றால் அந்த நடனத்தில் முழங்கால் மடங்கும், எடை தரையை நோக்கி இறங்கும், தூக்கிய காலின் விரல்கள்கூட மேல்நோக்கி நிமிரும். விரல்நுனியில் எழும்புவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இடுப்புக்கு மேலே நொம்பென், கீழே பாரிஸ்.

ஜனவரி 30, பிற்பகல்

மேலே எழுதியதைக் கண்டனமாக எடுத்துக்கொண்டு வாங்காமல் விட்டுவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பொறுங்கள். ரொதானே ஒரு ஆடல் அசைவின் கையை எடுத்து இன்னொன்றின் உடலில் ஒட்டிப் பார்த்தவர்தான். கலப்பது குற்றம் இல்லை. பயணக் குறிப்பு என்று சொல்லி விற்பதுதான் பொருந்தவில்லை. கற்பனை ஆடற்பெண் என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

பிடித்திருந்தால் வாங்குங்கள், நன்றாக வார்த்த அழகுப்பொருள் என்ற விலைக்கு. மறுவிற்பனையில் லாபம் வரும் என்ற பேச்சை மட்டும் கேட்காதீர்கள். இன்னும் 499 பேரிடம் இதே பெண் இருக்கிறாள், அவர்களில் யாராவது வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பிப்ரவரி 4

வாங்கிவிட்டீர்கள். நல்லது. துடைப்பது பற்றிக் கேட்டிருப்பதற்கு: பித்தளைப் பாத்திரம் துலக்கும் எந்தப் பொடியும், புளியும், எலுமிச்சையும் வேண்டாம். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. தீச்சுடரைக் காட்டி இரும்பு நைட்ரேட் போன்ற இரசாயனங்களைத் தடவி உண்டாக்கியது. துலக்கினால் போய்விடும், திரும்ப வராது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். எப்போதாவது நிறமற்ற மெழுகை மெல்லியதாகத் தடவி மென்துணியால் தேய்க்கலாம்.

நிலையான களிம்பு உலோகத்தோடு ஒட்டி இருக்கும், அதனால் தொல்லை இல்லை. வெளிர்பச்சைப் பொடி புள்ளிபுள்ளியாகத் தோன்றி, தட்டினால் உதிர்ந்து, மறுபடி அங்கேயே வந்தால் உப்பு உள்ளே போயிருக்கிறது. ஈரமில்லாத இடத்துக்கு மாற்றிவிட்டு, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களே சுரண்ட வேண்டாம்.

தூக்கும்போது ஒரு கை பீடத்துக்கு அடியில், இன்னொரு கை இடுப்பில். நீட்டிய கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முழங்கைக்கு அருகே பற்றவைத்த இடம் இருக்கிறது, கைவிரல் படத்தில் நிறம் சற்று மாறித் தெரிகிறதே, அதுதான்.